இராமையாவின் பேரில் முப்பது ஏக்கர்

காணிக் கந்தோர் லிகிதருக்கு, என்னைப்போல எழுத்துவேலை செய்பவனுக்கு, எந்த வீட்டிலும் கதிரை தருவார்கள், உண்மையை மட்டும் தரமாட்டார்கள். சைக்கிளில் பைல் காவித் திரிந்தவர்கள் உங்களுக்குள் இருந்தால், மேலே சொல்லத் தேவையில்லை. ஒருவர் ஐம்பது ஏக்கருக்கு மேல் காணி வைத்திருக்கக்கூடாது என்பது சட்டம். எழுபத்தெட்டில், முல்லைத்தீவுப் பக்கம், ஆட்கள் எழுதிக் கொடுத்தது மெய்தானா என்று போய்ப் பார்ப்பது என் வேலை.

அந்தோனியாரின் வளவு

கடற்கரையில் மரியம்மா என்று ஒருவர். அவாவின் வளவு ஓர் ஏக்கர்கூடத் தேறாது. பக்கத்துத் தென்னந்தோட்டத்தின் எல்லையை விசாரிக்கத்தான் போனேன். அவா நம்பவில்லை, படலையைப் பாதிதான் திறந்தா. வளவு யாருடையது என்று கேட்டதும், தனக்குச் சம்பந்தமில்லை, அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்டது என்றா. பெரிய காணிக்காரருக்குத்தான் சட்டம் என்று விளக்கினேன். என் கொப்பியை எட்டிப் பார்த்தபடி சொன்னா:

"அப்ப அந்தோனியாரிட்டையும் ஐம்பது ஏக்கருக்கு மேல இல்லையெண்டு எழுதிப்போட்டுப் போங்கோ, தம்பி."

கூப்பனுக்கு வைத்த கையெழுத்து

விசுவமடுவில் கனகர் பெரிய கமக்காரர். ஐம்பது ஏக்கர் ஏற்கெனவே அவருக்கு இருந்தது. பிறகு தமையனின் முதுசமாக வந்த முப்பது ஏக்கரை இராமையா என்பவருக்கு நன்கொடையாக எழுதியிருந்தார். முப்பது ஏக்கரைச் சும்மா கொடுக்கும் மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. இராமையாவும் கூட்டுக்கள்ளன்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு போனேன்.

காணியின் மூலையில் தகரமும் கிடுகுமாக ஒரு கொட்டில். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து குடும்பத்தோடு ஓடிவந்து, கனகரிடம் கூலிவேலை செய்பவர் இராமையா. பெயரைக் கேட்டதும், தான் அந்த ஆள் இல்லை என்றார். அரை மணித்தியாலம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார். அரிசி, மா வாங்கும் கூப்பன் எடுத்துத் தருவதாகச் சொல்லிக் கனகர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாராம். காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியை வாசித்துக் காட்டினேன். தன் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என் பேருல காணி இருந்தா, இந்தக் குடிசை போட நான் ஏங்க ஐயா அவர்கிட்ட கேட்டு நின்னேன்?"

விசாரணை

கந்தோரில் மேலதிகாரிக்கு முன்னால், அகதியாக வந்தவனுக்கு மனமிரங்கிக் கொடுத்தேன் என்றார் கனகர். தன் காணி இல்லை என்று இராமையா சொன்னால் காணி அரசாங்கத்துக்குப் போகும், கொட்டிலும் போகும். ஆனாலும் உண்மையைச் சொல்வார் என்று பேனையோடு காத்திருந்தேன். அவர் என் பக்கம் பார்க்காமலே, "ஆமாங்க, என் காணிதான்" என்றார். கனகர் சிரித்தார். ஆளை மடக்கிவிட்டார் என்று நான் பேனையை மூடினேன். அப்போதுதான் இராமையா கையை நீட்டினார்: "அப்ப உறுதிய எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க."

கனகரின் சிரிப்பு நின்றது. கொடுக்காவிட்டால், சற்று முன் சொன்னது பொய் என்றாகிவிடும். அந்தக் கிழமையே உறுதி கைமாறியது. மாரிக்கு இராமையா அந்தக் காணியில் உழுந்து விதைத்தார். எப்படித் துணிந்தீர்கள் என்று வரம்பில் நின்று கேட்டேன். என் பைலைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான் ஒண்ணும் புதுசா சொல்லலீங்க ஐயா, அவரு குடுத்தேன்னாரு, நான் ஆமான்னேன்."

காணியில்லாதவருக்குக் காணி கொடுக்க வந்த சட்டம் அன்றைக்குக் கொடுத்ததா, கனகரின் கள்ளம் கொடுத்ததா என்ற சந்தேகம் எனக்கு இன்றும் தீரவில்லை.