அண்ணன் இறங்கிய ஆழம்

அண்ணன் தண்ணீருக்கு மேலே வந்தபோது கிணற்று மேட்டில் எல்லோருடைய வாயும் அசைந்ததாம், சத்தம் மட்டும் வரவில்லையாம். பிறகு அவர்தான் சொன்னார். காதுகளிலிருந்து கழுத்துக்கு ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். அவர் துடைக்கவில்லை. ஒரு கை படிக்கல்லைப் பிடித்திருந்தது. மறு கையில் பக்கத்துத் தோட்டக்காரரின் மனைவி இருந்தாள்.

சுருளிப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய கிணறு அது. கிணற்றுக்குள் மோட்டார் விழுந்தால் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். கிணறு அகலமா குறுகலா என்பது பொருட்டில்லை, ஆழம்தான் காதைப் பிடிக்கும் என்பார். இறங்க இறங்கத் தலைக்கு மேலிருக்கும் தண்ணீரின் கனமெல்லாம் செவிப்பறையை வந்து அமுக்கும். மூக்கைப் பொத்திக் காற்றை உந்தினால் காது விட்டுக்கொடுக்கும். சளி பிடித்திருந்தால் கொடுக்காது. அன்று அவருக்கு நல்ல சளி.

தண்ணீர் மொள்ளப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள். கம்பத்திலிருந்து தீயணைப்பு வண்டி வரவேண்டும். முதல் முறை இறங்கிய அண்ணன் பாதியிலேயே காதைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். போகாதீக என்று மதினி அவர் கையைப் பிடித்தாள். தோட்டக்காரர் எதுவும் பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உசுரு இருந்தாலும் இருக்கும்" என்று சொல்லி, கனத்துக்கு ஒரு கல்லை அணைத்துக்கொண்டு அண்ணன் மறுபடி இறங்கினார்.

உயிர் இல்லை. அண்ணனுக்கோ செவிப்பறைகள் கிழிந்து சீழ் வைத்தன. தேனி ஆஸ்பத்திரிக்கு மாதக்கணக்கில் அலைந்தும் காது கேட்கவே இல்லை. செத்தவளுக்காகப் போய் இப்படி ஆனாரே என்று மதினி அழுதாள், திட்டினாள், பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டாள். மகள் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னங்களையே அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டக்காரர் அவரைக் கண்டாலே வேறு பாதையில் திரும்பிவிடுவார். நன்றி கெட்டவன் என்று ஊர் சொன்னது. அண்ணன் அப்படி நினைக்கவில்லை. "என்னயப் பாத்தா அவனுக்கு அவ நெனப்பு வரும்த்தா. போகட்டும்" என்றார் என்னிடம்.

போன ஐப்பசியில் அண்ணன் இறந்தார். தூக்குவதற்குச் சற்று முன்னால் தோட்டக்காரர் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு மதினியின் எதிரில் நின்றார்.

"அவ போயிட்டானு எனக்கு அன்னைக்கே தெரியும் மதினி. தண்ணிக்குள்ள விட்டுட்டு நிக்க மனசு வரல. அதான் அண்ணன் எறங்குறப்ப வேண்டாம்னு சொல்லல."

மதினி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தலைமாட்டிலிருந்து நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்து, குனிந்து, அண்ணனின் காதோடு ஏதோ பேசத் தொடங்கினார். அவர் முடிக்கும்வரை யாரும் தூக்கச் சொல்லவில்லை.