பாலைவனத்தில் போட்ட தளிகை

என் தம்பி முனிரத்தினம் அந்த மணல்மேட்டில் உட்கார்ந்தபோது, இனி எழுந்திருக்க மாட்டான் என்றே நினைத்தேன். விரல்கள் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்து, "போர் மோட்டாரை நிறுத்துண்ணா, தண்ணி வீணாப் போய்க்கினு இருக்குது" என்றான். ஊரில், குடுபல்லியில், எங்கள் போர்க்கிணறு வற்றிப்போய்த்தான் நாங்கள் ஓமனுக்கே பிழைக்க வந்தோம். பக்தர்களே, இது ஓமன் பாலைவனத்தில் நாங்கள் ஓடிய ஒரு பந்தயத்தில் நடந்தது.

தொண்ணூறுகளில் நான் கிரேன் ஓட்டப் போனேன். பின்னாலேயே தம்பியையும் அழைத்துக்கொண்டேன். என் மகள் லாவண்யா வளர்ந்து, அங்கேயே கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிறகு அவளுக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது. பாலைவனத்தில் பல நாள் ஓடுகிற ஒரு பந்தயத்துக்கு தன் பெயரோடு எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். "குடுபல்லியிலிருந்து திருமலைக்கு நடந்தவங்கதானே ரெண்டு பேரும்? வாங்க நைனா" என்றாள். நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. "சைட்டுல காயிற வெயிலு பத்தலையா உனக்கு?" என்று கேட்டார்கள்.

அவரவர் சாப்பாட்டை அவரவர் முதுகில் சுமக்க வேண்டும். வழியில் தண்ணீர் மட்டும் தருவார்கள். முதல் நாட்கள் நல்லபடியாகப் போயின. கடைசிக்கு முந்தின நாள்தான் இந்தச் சோதனை.

வெயிலில் வறண்டுவிட்டான் என்று நினைத்து, தண்ணீர் மேல் தண்ணீராகக் கொடுத்தேன். எல்லாம் வாந்தியாக வந்தது. லாவண்யா அவன் பையைத் திறந்தாள். அன்றைய பொட்டலம் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"சித்தப்பா, காலையிலிருந்து எதுவுமே துன்னலையா?"

"இன்னிக்கு புரட்டாசி கடைசி சனிக்கிழமைம்மா. தளிகை போடாம எப்படி துன்றது?"

எங்கள் பக்கத்தில் அந்தச் சனிக்கிழமைகளில் நாமம் இட்டுக்கொண்டு, "கோவிந்தா" என்று வீடு வீடாக அரிசி வாங்கி, பொங்கிப் பெருமாளுக்குப் படைப்போம். அதுதான் தளிகை. அது ஆகாமல் விரதக்காரர் வாயில் ஒரு பருக்கை படாது. சாயங்காலம் கூடாரத்தில் நாலு பேரிடம் வாங்கிப் படைத்துக்கொள்ளலாம் என்று, அந்த வெயிலில் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஓடியிருக்கிறான்.

"உடம்புல உப்பு இறங்கிடுச்சு நைனா. இனிமே தண்ணி குடுக்காதீங்க. உப்பா எதனா துன்னணும்" என்று சொல்லி, உதவிக்கு அழைக்கும் பொத்தானை அமுக்கினாள். உதவி வண்டி மணல்மேடுகளைச் சுற்றிக்கொண்டு வர நேரமாகும். நான் கெஞ்சினேன், திட்டினேன். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டான். "சாமிக்கு வெக்காததை என் வாயில வெக்காதண்ணா."

மணலில் முட்டி போட்டேன். "ஏழுமலையானே, உனக்காகத்தான் இவன் பசியோடு கிடக்கிறான். இவன் பெண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? நீயே வந்து ஊட்டு" என்று அழுதேன். வேறு மந்திரம் எனக்குத் தெரியாது.

கண்ணைத் திறந்தால், வெயிலுக்குப் பூசுகிற வெள்ளைக் களிம்பால் லாவண்யா தன் நெற்றியில் நாமம் இழுத்துக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் ஏந்தினாள். மேடேறி வந்த ஓட்டக்காரர்களிடம் "கோவிந்தா!" என்று நீட்டினாள். ஓர் ஓமன்காரர் உப்புப் பாதாமை அள்ளிப் போட்டார். ஒரு வெள்ளைக்கார அம்மா, நொறுங்கிப்போன சிப்ஸ் பாக்கெட்டை அப்படியே கவிழ்த்தார். எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்ததே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

தொப்பியை மணலில் வைத்துக் கும்பிட்டோம். தொண்டை கிழிய "கோவிந்தா" என்றோம். அந்த ஓமன்காரர் தலைகுனிந்து நின்றார்.

"தளிகை ஆயிடுச்சு சித்தப்பா. இது பிரசாதம். வேணாம்னு சொல்லுவீங்களா?"

தம்பி அவள் நெற்றியைப் பார்த்தான். "நாமம் கோணலா கீதும்மா" என்றான். பிறகு வாயைத் திறந்தான்.

வண்டியில் வந்த மலையாளத்து நர்ஸ், "இன்னும் ரெண்டு பாட்டில் தண்ணி உள்ளே போயிருந்தா வலிப்பு வந்திருக்கும்" என்றார். வண்டி நிழலிலேயே படுக்கவைத்து உப்பு சூப் கொடுத்தார்கள். பேச்சு தெளிந்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் நடக்க விட்டார்கள்.

மறுநாள் மூவரும் கைகோத்து முடித்தோம். எல்லோருக்கும் கடைசி. எங்களுக்குப் பின்னால் ஓர் ஒட்டகம்கூட இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் தம்பி குப்புற விழுந்தான். மறுபடி மயக்கம் என்று நர்ஸ் ஓடிவந்தார். அவன் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

இன்றும் யாருக்காவது தண்ணீர் பாட்டிலை நீட்டும் முன், சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறேன். பாசத்தோடு நான் ஊற்றியதே அவனைக் கொண்டுபோயிருக்கும். எதைக் கொடுக்க வேண்டும் என்று பெருமாள்தான் காட்டினார். அதனால் இப்போதெல்லாம் எந்தக் கஷ்டத்திலும், எனக்குத் தெரிந்ததைச் செய்யப் பறப்பதற்கு முன் ஒரு கணம் கும்பிட்டு நிற்கிறேன். நீங்களும் அப்படி நின்று பாருங்கள். அவர் கட்டாயம் தருவார். யார் கையால் தருகிறார் என்று பார்க்க வேண்டாம். வாங்கிக்கொள்ளுங்கள்.