பாலிகஞ்சிலிருந்து ஜாதவ்பூர்: செல்வி தனியாக வந்த இரண்டு ஸ்டேஷன்

இந்த வலைப்பூவில் பனிமலை, காடு, கடற்கரை என்று என்னென்னவோ எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டுரை நாலு கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு பயணத்தைப் பற்றியது. டிக்கெட் ஐந்து ரூபாய். போனதும் நான் இல்லை, என் மகள் செல்வி. கொல்கத்தாவில் பிப்ரவரி வாக்கில் வரும் சரஸ்வதி பூஜை முடிந்த வாரம் பாலிகஞ்ச் ஸ்டேஷனிலிருந்து ஜாதவ்பூருக்கு லோக்கல் ரயிலில் தனியாக வந்தாள். பதினேழு வயதுப் பெண் இரண்டு ஸ்டேஷன் வந்தது ஒரு சேதியா என்று கேட்பீர்கள். செல்வி பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சி மெதுவான பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளை உள்ள வீட்டார் கேட்க மாட்டார்கள்.

அவள் படிப்பது பாலிகஞ்சில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன அரசுச் சிறப்புப் பள்ளியில். நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். பாதிக்கு மேல் தெற்கே கேனிங், சோனார்பூர் பக்கத்திலிருந்து விடிகாலை லோக்கலில் வருகிறவர்கள். அம்மாக்கள் பாலிகஞ்ச் ஃபிளாட்டுகளுக்குச் சமையல், பாத்திரம் என்று வேலைக்கு வருகிறார்கள், வழியில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுப் போகிறார்கள். மீதியில் பீகார்க் குடும்பங்கள் சில, எங்களைப் போல மாற்றலில் வந்த உத்தியோகஸ்தர் வீடுகள் மூன்று நான்கு. தமிழ் பேசுகிற பிள்ளை செல்வி ஒருத்திதான்.

அங்கே மார்க் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே 'உதவியோடு', 'சொன்னால்', 'தனியாக' என்று மூன்று கட்டங்கள். படம் வரைவது, பெயர் எழுதுவது என்றால் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள்தான் முதல். ரோடு, ரயில், கடை என்று வந்தால் நாங்கள்தான் கடைசி. ஏன் இருக்காது? கேனிங் பிள்ளைகள் தினமும் அந்தக் கூட்டத்தில் இடிபட்டு வருகிறார்கள். செல்வி என் ஸ்கூட்டர் பின்னால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருவாள். அந்த மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக் விழாதா என்று ஏங்கிக் கிடந்தேன். எனக்கும் வயதாகிறது.

வருடக் கடைசிப் பரீட்சை இதுதான்: பிள்ளை தானே டிக்கெட் வாங்கி வீடு வந்து சேர வேண்டும். டீச்சர் கண்ணில் படாமல் பின்னாலேயே வருவார். முதல் தடவை மட்டும் பெற்றோர் இறங்கும் ஸ்டேஷனில் நிற்கலாம். செல்வியின் டீச்சர் சுதபா தீதி (இங்கே அக்காவுக்குத் தீதி, அண்ணனுக்குத் தாதா), பிளாட்பாரத்தை ஒட்டிக் காய்கறிக் கடைகள் தெரிந்தால்தான் ஜாதவ்பூர் என்று மாதக்கணக்காகச் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் சும்மா இருப்பேனா? நடுவில் வரும் ஸ்டேஷன் டாகுரியா ஒன்றுதான், அதனால் வீட்டில் என் பங்குக்கு, "வண்டி நின்னா ஒரு விரல மடக்கு. ரெண்டு விரல் மடங்கினா இறங்கிடு" என்று சொல்லி வைத்தேன்.

அன்று பதினொன்றேகாலுக்கே ஜாதவ்பூரில் நின்றேன். பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய். அவள் பயணத்துக்கு ஐந்து, நான் சும்மா நிற்கப் பத்து! பதினொன்று நாற்பதுக்கு வண்டி வந்தது. லேடீஸ் பெட்டியிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள், செல்வி இறங்கவில்லை. வண்டி கிளம்பிப் போயே போய்விட்டது.

போன் அடித்தது. சுதபா தீதி. "தாதா, டாகுரியாவுக்கு முன்னால சிக்னல்ல வண்டி நின்னுது. அதையும் சேர்த்து எண்ணிட்டா போல. டாகுரியாவுலயே இறங்கிட்டா. நான் தூணுக்குப் பின்னால நிக்கிறேன். நீங்க வராதீங்க, பரீட்சை இன்னும் முடியல."

என் கெட்டிக்காரத்தனம் இப்படி ஆயிற்று. அடுத்த வண்டிக்குக் கால் மணி நேரம். வாழ்க்கையில் எத்தனையோ ஸ்டேஷனில் காத்திருக்கிறேன், இப்படித் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில்லை. ஓடிப் போய்விடலாம் என்றுதான் கால் துடித்தது.

வந்தது. மீன்கூடைக்காரப் பெண்களுக்கு நடுவே பையை மார்போடு அணைத்தபடி இறங்கினாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஏம்மா அங்க இறங்கின?"

"ரெண்டு விரல் ஆச்சு. இறங்கினேன். அப்பா இல்ல. அதான் மறுபடி ஏறிட்டேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னால் வந்த தீதி சிரிக்கவில்லை. "அவ கடையைப் பார்க்கல தாதா, உங்களைத்தான் பார்க்கறா. நீங்க இல்லாத அன்னிக்கு எங்க இறங்குவா?" என்றார். அந்தக் கேள்வி எந்த ஸ்டேஷனைப் பற்றியது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். டிக் விழவில்லை.

அடுத்த வாரம் நான் வரக் கூடாது என்பது உத்தரவு. மனம் கேட்குமா? பிளாட்பாரத்துக்கு வெளியே ஒரு காலிஃபிளவர்க் குவியலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். செல்வி இறங்கினாள். போன தடவை நான் நின்ற இடத்தைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். பிறகு திரும்பி வண்டியில் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். 'செல்வி' என்று கூப்பிட வாய் வரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் கழுத்தைத் திருப்பிக் கடைகளைப் பார்த்தாள். காலை எடுத்தாள். வண்டி போயிற்று. என்னைத் தாண்டி இரண்டு கை தூரத்தில் நடந்து போனாள், என்னைத் தேடவே இல்லை. இதற்காகத்தான் இத்தனை நாள் ஏங்கினேன். ஆனாலும் ஒரு தடவை திரும்பிப் பார்க்க மாட்டாளா என்றிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ குடித்து, மெதுவாக வீட்டுக்குப் போனேன். செல்விதான் கதவைத் திறந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "எங்க போயிட்ட இவ்ளோ நேரம்? நான் எப்பவோ வந்துட்டேன்."

இப்படிப் பயணம் அனுப்பப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை பத்தரைக்கு முன் வேண்டாம், கூட்டம் நெரியும். பாலிகஞ்சில் பஜ்பஜ் வண்டியும் நிற்கும், அதில் ஏறினால் வேறு பக்கம் போய்விடும், ஆகவே பெயரைக் கேட்டு ஏறப் பழக்குங்கள். விரல் எண்ணக் கற்றுக் கொடுக்காதீர்கள். பிளாட்பாரம் டிக்கெட் முதல் தடவைக்கு மட்டும் வாங்குங்கள்.