லேபல் உரித்த போத்தல்

மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் உண்டு, சொந்த வாய் கிடையாது. சண்டை நடந்த வருடங்களில் கண்டியில் ஒரு பாலியல் நோய் கிளினிக்கில், சிங்கள டொக்டருக்கும் தமிழ் நோயாளிகளுக்கும் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் "நான்" என்றால் நானும் "நான்" என்பேன். இரண்டு பாஷைக்கு நடுவில் நின்று பிழைத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் விளங்கும். எந்தப் பக்கம் கோபம் வந்தாலும் முதலில் நம்மைத்தான் பார்ப்பார்கள்.

இலக்கம்

எங்கள் கிளினிக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யார் வந்தார்கள் என்று வெளியே தெரியக் கூடாது. கையில் ஒரு துண்டு, அதில் ஓர் இலக்கம், அவ்வளவுதான். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து மல்லிகா (இது நான் வைத்த பெயர்) முதன்முதல் வந்தபோது, அவளுடைய இலக்கத்தைச் சிங்களத்தில் கூப்பிட்டுக் களைத்து, ஆளில்லை என்று எங்கள் நர்ஸ் மிஸ்ஸி அடுத்தவரை உள்ளே விட்டுவிட்டார். நான் டொக்டரின் அறையை விட்டு வெளியே வந்தபோது வாங்கில் அவள் மட்டும் இருந்தாள்.

அவளுடைய புருஷன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்தவன். காய்ச்சலோடு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பி வந்து இறந்து போனான். அதன் பிறகுதான் அவளுக்கும் இரத்தம் பார்த்தார்கள், எச்.ஐ.வி. இருந்தது. மகளுக்கு ஒன்றுமில்லை. "இலக்கம் கூப்பிட்டார்களே, விளங்கவில்லையா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சிங்களத்துல கூப்புடுறாங்க மிஸ். இந்தச் சீக்கு ஒண்ணுதான் பாஷ கேக்காம வந்துச்சு."

ஒரே கேள்வி

டொக்டர் நன்றாக விளக்குபவர். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் மாத்திரை, ஒரு வேளையும் தவறக் கூடாது, தவறினால் மருந்து வேலை செய்யாமல் போகும், ஒழுங்காகக் குடித்தால் மகளைக் கட்டிக்கொடுத்துப் பேரப்பிள்ளையும் பார்க்கலாம். நான் ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னேன். மல்லிகா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சந்தேகம் ஏதும் உண்டா என்று டொக்டர் கேட்டார்.

"மாத்திரைய நான் முழுங்கிக்கிருவேன் மிஸ். லயத்துல தெரிஞ்சா எம் புள்ளையோட ஒரு புள்ளையும் சேராதே, அதுக்கு என்ன மருந்துன்னு கேளுங்க."

விளக்கக் கூட்டம்

சில மாதங்களில் அதே தோட்டத்துக்கு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போக வேண்டியதாயிற்று. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் கூட்டம். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது வரிசையில் மல்லிகா. கிளினிக்குக்கு வெளியே நோயாளியைத் தெரிந்ததாகக் காட்டக் கூடாது என்பது எங்கள் விதி. நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

ஒரே கோப்பையில் தேநீர் குடித்தால் தொற்றாது, பக்கத்தில் உட்கார்ந்தால் தொற்றாது, பிள்ளைகள் சேர்ந்து விளையாடினால் தொற்றாது என்றார் டொக்டர். எல்லோரும் நன்றாக விளங்கியதாகச் சொன்னார்கள். மல்லிகாவும் சொன்னாள். அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி பேச்சியம்மா எழுந்து டொக்டரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ரொம்ப நல்லா வெளங்குச்சுங்க தொரசாணி. அப்படியே யாருக்கு இருக்குன்னும் சொல்லிட்டுப் போனீங்கன்னா, நாங்க அவங்க பக்கமே போகாம இருந்துக்கிருவோம்."

வெந்நீர்

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மல்லிகாவுக்கு மாத்திரைப் போத்தலைக் கண்டாலே பயம். தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது இங்கிலீஷ் வாசிக்கிறார்கள், லேபலைப் பார்த்து ஒரு பிள்ளை மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்றாள். அன்றிலிருந்து மிஸ்ஸி போத்தலை வெந்நீரில் ஊற வைத்து, லேபலைச் சுரண்டி எடுத்து, துடைத்துக் கொடுப்பார். லயத்தில் போத்தலை எவர் கண்டாலும் பிரஷர் மாத்திரை என்று சொல்வதாக ஏற்பாடு.

பிசின் ஒட்டிய நகத்தை என்னிடம் காட்டி மிஸ்ஸி சிங்களத்தில் அலுத்துக்கொண்டார். "கிளினிக்கில் என்ன வேலை என்று எங்கள் அம்மா கேட்டால், ஊசி போடுகிறேன் என்று சொல்கிறேன்."

பாலத்தடி

நான் வத்தேகமவில் இருந்தேன். மாலையில் சில நாட்கள் மல்லிகாவும் நானும் ஒரே பஸ். ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. எங்கோ குண்டு வெடித்த வாரம் அது. ஒரு நாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நடக்க விட்டார்கள். மல்லிகாவின் பையில் போத்தலைக் கண்டதும் ஆமிக்காரப் பையனின் முகம் மாறியது. பெயரில்லாத போத்தல், உள்ளே வெள்ளை மாத்திரைகள், தமிழ்ப் பெண். அவன் கேட்டது அவளுக்கு விளங்கவில்லை. பின்னால் அவளுடைய தோட்டத்து ஆட்கள், பேச்சியம்மாவும்தான். "இந்த மிஸ்ஸுக்குச் சிங்களம் வரும்" என்று கொண்டக்டர் என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

எப்போதும் என்னை மிஸ் என்று கூப்பிடுகிற மல்லிகா அன்று முன்பின் தெரியாதவளைப் போல "பிரஷர் மாத்திரைன்னு சொல்லுங்கக்கா" என்றாள். டொக்டரின் வார்த்தைகளை மாற்றிக்கொடுக்கும் அதே குரலில் அதையும் மாற்றிக்கொடுத்தேன். அவன் நம்பவில்லை. போத்தல் இங்கேயே இருக்கட்டும், சோதித்துவிட்டுத் தருகிறோம் என்றான். போத்தல் போனால் அடுத்த கிளினிக் வரைக்கும் மருந்து இல்லை. உண்மையைச் சொன்னால் போத்தல் கிடைக்கும், வரிசை முழுவதும் கேட்கும். அவள் சொல்லாததை நான் சொல்ல முடியாது.

"ஒண்ணு கையில தரச் சொல்லுங்கக்கா, முழுங்கிக் காட்டுறேன்" என்றாள். தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். விழுகிறாளா என்று அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் நின்றபடியே நின்றாள். போத்தலைத் திருப்பிக் கொடுத்தான்.

"இந்த வயதிலேயே பிரஷரா? இங்கே நிற்கிற எங்களுக்கே இன்னும் வரவில்லை."

பிரஷர்

தோட்டத்து லயங்களில் உப்பு, சீனி, மாத்திரை மூன்றும் கைமாற்று. பஸ் திரும்பக் கிளம்பியதும் பேச்சியம்மா மல்லிகாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏண்டி, எனக்குந்தான் தல சுத்துது. ரெண்டு குடேன்." மல்லிகா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முடியாது என்றாள். "ஒண்ணாச்சும்?" அதுவும் முடியாது என்றாள். "அரசாங்கம் சும்மா குடுக்குற மாத்திரைடி!" பஸ் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. நான் வத்தேகமவில் இறங்கும் வரைக்கும் ஏச்சு நிற்கவில்லை.

அடுத்த முறை கிளினிக்கில் டொக்டர் இதைக் கேட்டு வருந்தினார். வேறு ஏதாவது நோயின் பெயரைச் சொல்லிவிடலாமா, அயலோடு பகை வேண்டாமே என்றார். நான் மல்லிகாவிடம் சொன்னேன். அவள் அவசரமாகக் கையை ஆட்டினாள்.

"வேணாம் மிஸ், மாத்திட வேணாம்னு சொல்லுங்க. கஞ்சப் பிசினாறின்னு பேரு வச்சிட்டாங்க. ஆனா பேச்சியம்மா மக நேத்தும் எங்க வூட்டுல வந்துதான் எம் புள்ளையோட வெளையாடுச்சு."

அந்த லயத்தில் அவளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல இன்றைக்கும் ஒருவரும் இல்லையாம், அதனால் நன்றாக இருக்கிறாள்.