முப்பத்தாறில் மூன்று பங்கு

பத்திரம் எழுதுகிறவனுக்குக் கையெழுத்து அழகாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள், செட்டிநாட்டு வீடு ஒன்றுக்கு ஒரே ஒரு முறை பங்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பின்னக் கணக்கு என்றாலே வயிற்றுவலி என்று பெஞ்சில் கவிழ்ந்துகொண்டவன் நான். தொண்ணூறுகளில் காரைக்குடி செக்காலை ரோட்டு மாடி அறை ஒன்றில், அதே பின்னத்தைக் கூட்டிக் கழித்துத்தான் சோறு தின்றேன். பங்காளிகளோடு ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

இதெல்லாம் ஒரே வீட்டுக் கதை. சாக்கோட்டைப் பக்கம், இருபத்து நாலு தேக்குத் தூண்களோடு நின்ற வீடு. மூன்று அண்ணன் தம்பிகள் கட்டியது. மூத்தவருக்கு இரண்டு மகன்கள், அடுத்தவருக்கு மூன்று, இளையவருக்கு நான்கு. ஆகவே சிலருக்கு ஆறில் ஒரு பங்கு, சிலருக்கு ஒன்பதில் ஒன்று, மற்றவர்களுக்குப் பன்னிரண்டில் ஒன்று. இந்த மூன்றும் ஒத்துப்போகிற பொதுப் பகுதியைத் தேடி, ஒரு பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு முப்பத்தாறைப் பிடித்தேன்.

வாங்கினால் குறையும்

மூத்தவர் வழியில் சோலையப்ப அண்ணன். அவருக்கு ஆறில் ஒன்று. சித்தப்பா மகனிடமிருந்து ஒன்பதில் ஒன்றையும் வாங்கிவிட்டார். "எழுத்தரே, கணக்கு நானே போட்டுட்டேன், நீங்க எழுதுனாப் போதும்" என்று ஒரு சீட்டை நீட்டினார். மேலே உள்ள ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு, கீழே உள்ள ஆறையும் ஒன்பதையும் கூட்டிப் பதினைந்து. பதினைந்தில் இரண்டு பங்கு!

"அண்ணே, ஆறுல ஒண்ணுன்னா முப்பதுல அஞ்சு. பதினஞ்சுல ரெண்டுன்னா முப்பதுல நாலு. வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு வச்சிருந்தீக, வாங்குன பிறகு நாலாயிருச்சே" என்றேன். முப்பத்தாறில் ஆறும் நாலும் சேர்ந்து பத்து என்று சரியான கணக்கையும் எழுதிக் காட்டினேன். அவர் என் கணக்கைப் பார்க்கவே இல்லை. தன் சீட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அதானே பாத்தேன், பங்காளிகிட்ட எதை வாங்குனாலும் நமக்குக் கையக் கடிக்கத்தானே செய்யும்!"

ஆச்சியின் ஆசை

இளையவர் வழியில் மருமகள் உமையாள் ஆச்சி. கணவர் போய்ப் பல வருடம், பிள்ளை இல்லை. மற்ற பங்காளிகள் யாரும் அங்கே குடியில்லை. அத்தனை பெரிய வீட்டில் ஓர் அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். மதுரையிலிருந்து மர வியாபாரி ஒருவர் வந்து வீட்டைப் பிரித்தெடுக்க விலை பேசுகிறார் என்று கேள்விப்பட்டு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். வீடு போனால் ஆச்சிக்குப் போக்கிடம் கிடையாது. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதச் சொன்னதை எழுதுவதுதானே என் பிழைப்பு.

பங்கு விவரத்தைக் காட்டினேன். "எனக்குப் பன்னண்டுல ஒண்ணுல்ல? மூணுன்னு போட்டிருக்கீக?" என்றார். கீழே முப்பத்தாறு வந்தால் மேலே மூன்று வரும், பங்கு அதேதான் என்று விளக்கினேன். அப்படியானால் கீழே எழுபத்திரண்டு போட்டால் என்று கேட்டார். ஆறு வரும் என்றேன். ஆச்சி முகத்தில் அப்படியொரு வெளிச்சம்:

"பெறகென்ன தம்பி, கையில பேனா இருக்கையில ஏன் கஞ்சத்தனம் பண்றீக, நல்லாப் பெருசாப் போட்டு விடுங்க!"

சுருக்கியதால் வந்த வினை

என் அறையில் தட்டச்சு செய்தது சகாயமேரி. கணக்கில் புலி. முப்பத்தாறில் பத்து என்று நான் எழுதியதை அழகாகச் சுருக்கிப் பதினெட்டில் ஐந்து என்று அடித்துவிட்டாள். மறுநாள் காலை சோலையப்ப அண்ணன் படியேறும் சத்தமே சரியில்லை. பத்துப் பங்கில் ஐந்தை யார் தின்றது என்று ஒரே கூச்சல். இரண்டும் ஒன்றுதான் என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அவர் போனதும் சகாயமேரி புதுத் தாளை மிஷினில் செருகிக்கொண்டே சொன்னாள்:

"இனிமே சுருக்கவே மாட்டேன் சார், இந்த ஊருல சுருக்குனா திருட்டுன்னு அர்த்தம்."

தூணுக்குத் தூண்

ஆச்சியைத் தவிர மற்ற ஏழு பேரும் விற்கச் சம்மதித்துவிட்டார்கள். ஒன்றில் பன்னிரண்டில் ஒன்றைக் கழித்தால் பன்னிரண்டில் பதினொன்று. அதை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று மர வியாபாரி காரில் வந்து இறங்கினார். கூடவே சோலையப்ப அண்ணன். பத்திர நகலோடு நானும் வீட்டுக்குப் போனேன். வியாபாரி தூண்களை எண்ணினார். "இருபத்து நாலு. அதுல பன்னண்டுல ஒண்ணுன்னா ரெண்டு. ஆச்சிக்கு ரெண்டு தூணை விட்டுட்டு மத்ததைக் கழட்டிக்கிறேன்" என்றார். கணக்கு சரிதான்.

ஆச்சி அசரவில்லை. "தம்பி, 'பிரிபடாத பங்கு'ன்னு எழுதியிருக்கீகளே, அப்படின்னா என்ன?" என்று என்னைக் கேட்டார். யாருக்கும் இதுதான் இடம் என்று தனியாகக் கிடையாது, வீட்டின் ஒவ்வொரு அங்குலத்திலும் எல்லாருக்கும் பங்கு உண்டு என்றேன். ஆச்சி பக்கத்திலிருந்த தூணை அண்ணாந்து பார்த்தார். பிறகு வியாபாரியிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"அப்பத் தூணுக்குத் தூண் எனக்குப் பன்னண்டுல ஒண்ணு இருக்குங்க. எனக்கு உச்சியில உள்ளது போதும். அதை இருக்கிற எடத்துலயே விட்டுட்டு, கீழ உள்ள பதினொண்ணையும் நீங்க தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க."

வியாபாரி ஒரு நிமிடம் மேலே பார்த்தார், ஒரு நிமிடம் கீழே பார்த்தார், பிறகு காரைப் பார்த்து நடந்தார். ஆச்சி எனக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார்.

பன்னிரண்டில் பதினொன்றைக் கழித்தால் ஒரு முழு வீடு மீதி வரும் என்று, பெஞ்சில் கவிழ்ந்து கிடந்த காலத்தில் எந்த வாத்தியாராவது சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பேன்.