திரும்பி வரும் வழி மேரியுடையது

அந்த வியாழக்கிழமை மாலை நான் அலுவலகத்தில் அடுத்த வாரத்துக்கான பயணத் திட்டத்தை அடித்துக்கொண்டிருந்தேன். சகாயமேரி என்ற பெயருக்கு நேரே திங்கள் தளவானூர், செவ்வாய் அனந்தபுரம் என்று போட்டுவிட்டுப் புதனுக்கு வந்தபோது போன் அடித்தது. மேரியின் கணவர் அந்தோணி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். கடைச் சத்தத்துக்கு மேலே கத்தியே பேசிப் பழகிய மனிதர் அன்றைக்கு மெதுவாகப் பேசினார். "கலா, பெங்களூர் பஸ்ஸு வந்துச்சி. செஞ்சி எறங்குறவங்க எல்லாம் எறங்கிட்டாங்க. மேரி எறங்கல. கண்டக்டரு எழுப்பிப் பாத்துட்டு என்னாண்ட ஓடியாந்தாரு. தூங்குறாளோன்னுதான் நெனச்சேன்."

தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். கீழ்பென்னாத்தூர் வரை பேசிக்கொண்டு வந்ததாகப் பக்கத்து சீட்டு அம்மா சொன்னார். நாற்பத்தேழு வயது.

மேரியைத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அழுவதற்கு மட்டும் எழுதவில்லை, எனக்கு ஒரு சண்டையும் பாக்கி இருக்கிறது. மறுநாள் காலை எங்கள் அலுவலக வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அடையாள அட்டையில் இருந்த படத்தையே பெரிதாக்கிப் போட்டு, கீழே 'பணியே உயிரென வாழ்ந்து, பணியிலேயே உயிர் நீத்த எங்கள் சகாயமேரி' என்று அச்சடித்திருந்தார்கள். முதல் பாதியும் பொய், இரண்டாம் பாதியும் பொய். நீங்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டு உச்சுக் கொட்டிக்கொண்டு போனீர்கள். நான் வாசலிலேயே நின்று கொதித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது காய்கறி விதை நிறுவனத்தின் கிளை. விவசாயிகள் தங்கள் நிலத்தில் எங்களுக்காக விதைப் பயிர் வைப்பார்கள். கள அலுவலர் ஊர் ஊராகப் போய் அந்த வயல்களைப் பார்க்க வேண்டும். வேறு ரகச் செடி கலந்திருந்தால் அது பூ விடுவதற்கு முன் பிடுங்கிப் போட வேண்டும். கலவன் பிடுங்குவது என்று அதற்குப் பெயர். பிறகு விதை மாதிரி எடுத்து, பொட்டலம் கட்டி, எந்தத் தொகுதி என்று காட்டும் லாட் நம்பர் எழுதிக் கொண்டுவர வேண்டும். மேரி பதினான்கு வருஷம் இதைச் செய்தாள். நான் அதே பதினான்கு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து அவள் எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று எழுதினேன். மேரி பார்த்த வயல் என்றால் தலைமை அலுவலகத்தில் மறுபேச்சு கிடையாது. ஆனால் அவள் அதற்காக வாழவில்லை. அவள் ஸ்வெட்டர் பின்னுவதற்காக வாழ்ந்தாள். பள்ளி விடுதியில் ஒரு கன்னியாஸ்திரீ கற்றுக்கொடுத்த பின்னலை அவள் பிறகு கீழே வைக்கவே இல்லை.

மாதம் இரண்டு தடவை ஓசூர் வேலை வரும். ஓசூரிலிருந்து பெங்களூர் டவுன் பஸ் தூரம்தான். அங்கே ஒரு மார்க்கெட் சந்தில் உல்லன் நூல் மட்டும் விற்கிற சின்னக் கடை ஒன்றை மேரி கண்டுபிடித்திருந்தாள். புதன்கிழமை பொழுது சாயும்வரை வயலில் நின்றுவிட்டு ஓசூரில் தங்குவாள். வியாழன் காலை பெங்களூர் போய், கடை திறந்ததும் நூலை வாங்கிக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸில் ஏறுவாள். அந்தப் பஸ் நம் ஊர் வழியாகத்தானே போகிறது. நாலரை மணிக்குச் செஞ்சி. ஓசூரிலிருந்து நேராக வந்தால் மதியமே அலுவலகம் வந்து சேரலாம். நடுவில் போகிற அந்த அரை நாளை நான் பயணத் திட்டத்தில் 'போக்குவரத்து' என்று எழுதிவிடுவேன். சீசனில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூட விட்டுவிட்டு வயலுக்கு ஓடுகிறவளுக்கு இதைக் கொடுக்க நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கிடைத்திருக்காது.

ஒரு நாள் கிளை மேலாளர் கண்டுபிடித்துவிட்டார். "இன்னா மேடம், ஓசூர்லேந்து வர்றதுக்கு பெங்களூர் எதுக்கு?" என்றார். நான் ஏதோ மழுப்பப் பார்த்தேன். மேரி முந்திக்கொண்டாள். "போற வழி கம்பெனியோடது சார். சொன்ன எடத்துல எறங்குறேன், சொன்ன நேரத்துக்கு நிக்கிறேன். திரும்பி வர்ற வழி என்னோடது." மேலாளர் நல்ல மனிதர், சட்டென்று கோபப்படாதவர். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவர் அதை மறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"இவளுக்கு மட்டும் எங்கேந்துதான் நேரம் கெடைக்குதோ" என்று சொன்னவர்களும் உங்களில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை, பிடுங்கிக்கொண்டாள். எப்படி என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் பின்னுவதற்கு மூங்கில் ஊசிதான் வைத்திருந்தாள், உலோக ஊசி என்றால் ஆட்டத்தில் பின்னல் கண்ணி வழுக்கி விழுந்துவிடும். இரண்டு ஊசியையும் ஒரு ஒயர் இணைத்திருக்கும், அதனால் பக்கத்தில் இருப்பவர் விலாவில் குத்தாது. ஒரு தடவை நூல் பந்து உருண்டு டிரைவர் காலடி வரை போய்விட்டதாம். அன்றிலிருந்து பந்தைப் பால் வாங்கும் தூக்குவாளியில் போட்டு, மூடி இடுக்கு வழியாக நூலை இழுத்துக்கொள்வாள். பூ வேலை, டிசைன் எல்லாம் வீட்டில். பஸ்ஸுக்கு வெறும் நேர்ப்பின்னல், பார்க்காமலே கை போகும். செங்கத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பதினாறு வரிசை என்பாள். ரோடு போட்ட பிறகு ஆட்டம் குறைந்து அது இருபது ஆனது. அவளுக்கு அதில் இருந்த சந்தோஷம் நெடுஞ்சாலைத் துறைக்குக்கூட இருந்திருக்காது.

இந்த ஊரில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. வெயில் பாறையில் பட்டுத் திரும்பி வந்து அடிக்கிற ஊர். பெங்களூர் நூலில் முதல் ஸ்வெட்டர் அந்தோணிக்கு. மாதிரிப் பொட்டலங்கள் போக அவள் பையில் ஆறு நூல் பந்துக்குத்தான் இடம் இருந்தது. ஆறில் பாதி உடம்புதான் வந்தது. அடுத்த தடவை அதே கடையில், அதே நீல நிறத்தில் இன்னும் ஆறு வாங்கி வந்தாள். பின்னி முடித்துக் கொடியில் போட்டபோதுதான் தெரிந்தது, நெஞ்சுக்குக் கீழே கருநீலம், மேலே வெளிறிய நீலம், நடுவில் கோடு கிழித்தது போல. சாயம் போட்ட லாட் வேறு. லாட் நம்பர் பார்க்காமல் ஒரு விதைப் பொட்டலத்தில் கையெழுத்துப் போடாதவள், நூல் லேபிளில் அதைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். நான் ஒரு வாரம் சிரித்தேன். பிரித்துவிட்டு மறுபடி பின்னு என்றேன். "பகல் முச்சூடும் கலவன் புடுங்குறேன் கலா. இதுலயும் வந்து புடுங்கணுமா? கலந்தா கலந்துட்டுப் போவுது" என்றாள். அந்தோணியும் லேசுப்பட்டவர் இல்லை. "இத்தப் போட்டுக்கினு நடந்தா ராஜகிரிக் கோட்ட மேல இருக்கிற கொரங்கு கூட சிரிக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மார்கழிக் குளிரில் அதைப் போட்டுக்கொண்டுதான் கடை திறந்தார். அதற்குப் பிறகு மேரி பின்னிய எல்லாவற்றிலும் அந்தக் கோடு உண்டு. வேண்டுமென்றே விட்டாள். இது மழையில் பஸ் நின்ற பயணம், இது மிளகாய் வயலில் தேள் கொட்டிய பயணம் என்று ஒவ்வொரு கோட்டையும் தொட்டுச் சொல்லுவாள்.

நான் செய்த தப்பையும் எழுத வேண்டும். அவள் சாவதற்கு ஒரு மாதம் முன்னால் மேலாளர் வியாழன் மதியம் ஆய்வுக் கூட்டம் என்று வைத்தார். ஓசூர் போகிற வாரங்களில் மட்டும். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாயை மூடிக்கொண்டு, மேரியின் பெயருக்கு நேரே இருந்த 'போக்குவரத்து' என்ற சொல்லை அழித்தேன். அவள் நேராக வந்தாள், கூட்டத்தில் உட்கார்ந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். முடிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றாள். "நீ எடுத்தது அரை நாளு இல்ல கலா. நாலு நாளு. அந்த அரை நாளு இருக்குதுன்னுதான் மத்த நாளெல்லாம் நா ஓடுறேன். அது இல்லன்னா நா வெறும் பார்சலு. நீ ஏத்துற, அவங்க எறக்குறாங்க." மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் மேலாளரிடம் போய், கூட்டத்தை வெள்ளிக்கு மாற்றினால்தான் போன தடவை மாதிரிகளின் முளைப்பு விவரமும் சேர்ந்து வரும் என்று ஒரு காரணத்தைச் சொல்லி மாற்ற வைத்தேன். அழித்த சொல்லைத் திரும்ப எழுதினேன், மேரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஓசூர் வியாழன் அவள் பச்சை நூலோடு வந்து இறங்கினாள்.

அந்தப் பச்சைதான் கடைசி. யாருக்கு என்று கேட்டேன். "அது இன்னா எல்லாரும் யாருக்கு யாருக்குன்னே கேக்குறீங்க? யாருக்கும் இல்ல. முடியட்டும், பாக்கலாம்" என்றாள். வயலும் வீடும் கோயிலும் எப்போதும் யாருக்காவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிற வாழ்க்கையில், யாருக்கும் இல்லாமல் ஒன்றைச் செய்கிற தைரியம் எனக்கெல்லாம் வராது. எனக்கு அதைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிப் போனபோது அந்தப் பச்சைப் பின்னல் அவள் விரல்களில்தான் இருந்தது. வரிசை பாதியில் நின்றிருந்தது. ஊழியர் ஒருவர் அதை இழுக்கப் போனார். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தோணி திரும்பினார். "கண்ணி கழண்டுடப் போவுது, பாத்து எடுங்க" என்றார். பிறகு அவரே விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். விதை மாதிரிகள் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் பையில் இருந்தன. நான்தான் எண்ணிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

அடுத்த புதன்கிழமை அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். நான் அவளுடைய தோழி என்பதால் வாசிக்கச் சொல்லி மேலாளர் ஒரு தாளைக் கொடுத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்ததாம், எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பப் போகிறார்களாம். 'கடைசி மூச்சிலும் விதை மாதிரிகளை மார்போடு அணைத்திருந்தார்' என்று அதில் எழுதியிருந்தது. நான் வாசித்துவிட்டால் அதுதான் மேரி. ஒரிசாவிலும் குஜராத்திலும் இருக்கிற கள அலுவலர்களிடம், இவளைப் போல் சாகுங்கள் என்று காட்டுவார்கள்.

அந்தோணி முன்வரிசையில் மகள் ஜெனியோடு உட்கார்ந்திருந்தார். மத்தியான வெயிலில், கோடு விழுந்த அந்த நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு. நெற்றியெல்லாம் வேர்வை. "நைனா, கழட்டு நைனா, எல்லாரும் பாக்குறாங்க" என்று ஜெனி கிசுகிசுத்தாள். "பாக்கட்டும்" என்றார். அதைக் கேட்டதும் எனக்குத் தாளை மடிக்கத் தைரியம் வந்தது. அவர் மடியில் இருந்த மேரியின் பையைக் கேட்டு வாங்கி, பச்சைப் பின்னலை ஊசியோடு எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

"இதுதான் அவ கையில இருந்துச்சி" என்றேன். "மாதிரி எல்லாம் பையில இருந்துச்சி, லாட் நம்பரோட, ஒண்ணு கொறையல. வேலைய ஒழுங்கா முடிச்சிட்டா. முடிச்சிட்டு அவ கெளம்பிட்டா. அவ செத்தது கம்பெனி நேரத்துல இல்ல. திரும்பி வர்ற வழியில செத்தா. அது அவளோடது. அத நாம எடுத்துக்கக் கூடாது."

மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று மாலை ஃப்ளெக்ஸை அவிழ்த்துவிட்டார்கள். நான் சொல்லவில்லை, அவரேதான் அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்.

உடனே சிலர் என்னிடம் வந்து, இப்படிப் பேசினால் குடும்பத்துக்கு வர வேண்டியது வராமல் போய்விடாதா என்றார்கள். கவலைப்படாதீர்கள். சட்டப்படி அது பணிப் பயணம்தான். அந்தக் காகிதம் அத்தனையையும் நானே எழுதி, நானே அனுப்பினேன், ஒரு முற்றுப்புள்ளிகூட விடவில்லை. காகிதம் வேறு, மேரி வேறு.

பச்சைப் பின்னலை அந்தோணி கடையில், டயர்களுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறார். ஊசியோடு. முடித்துத் தருகிறேன் என்று இரண்டு மூன்று பேர் அன்பாகக் கேட்டார்களாம். "ஒருத்தரும் தொடக் கூடாது. அது அவ நிறுத்தின எடம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பஞ்சர் ஒட்டப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். அதில் கோடு இல்லை. அடுத்த பயணத்து நூல் சேரவில்லை.

எனக்குப் பின்னத் தெரியாது. ஊசியும் நூலும் எனக்கு வேண்டாம். மேரியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த அரை நாள். இந்த மாதப் பயணத் திட்டத்தில் எங்கள் கள அலுவலர்கள் நான்கு பேருக்கும், தூர ஊர்ப் பயணம் ஒவ்வொன்றின் கடைசியிலும் அரை நாள் போட்டேன். அவர்கள் கடைக்குப் போவார்களோ, கோயிலுக்குப் போவார்களோ, மரத்தடியில் படுத்துத் தூங்குவார்களோ, அது என் கவலை இல்லை. இந்தத் தடவை 'போக்குவரத்து' என்று மறைத்து எழுதவும் இல்லை. 'திரும்பி வரும் வழி' என்றே எழுதி, மேலாளர் மேசையில் வைத்துவிட்டு எதிரிலேயே நின்றேன்.

"இன்னா மேடம் இது, நாலு பேருக்கும்?" என்றார்.

"மேரி சொன்னதுதான் சார். மறந்துட்டீங்களா?"

அவர் பேனாவை மூடினார். ஜன்னல் பக்கம் பார்த்தார். ஃப்ளெக்ஸ் கட்டிய கயிறு இன்னும் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.