அம்மன் பரங்கியும் மீன் தலையும்

ஃபிஜித் தீவின் லம்பாசாவில் எங்கள் சந்தில் ஒன்பது வீடுகள். ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று ரேடியோ சொன்ன சில மாதங்களில் நாலு வீடு காலி. கனடாவுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரி சாவியை என் கையில் திணித்து, "வீட்டைப் பாத்துக்க அக்கா" என்று அழுதாள். அழுதுகொண்டே பிரிட்ஜைத் தன் அண்ணிக்குக் கொடுத்துவிட்டாள். எனக்குச் சாவி மட்டும்.

குப்பை லாரியும் அவர்களோடு விமானம் ஏறிவிட்டது போலிருக்கிறது, கண்ணிலேயே படவில்லை. சந்து முனையில் மூட்டை மூட்டையாக நாறியது. நாய்கள் போதாதென்று பட்டப்பகலில் கீரிப்பிள்ளைகள் வந்து விருந்து சாப்பிட்டன. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு அந்தக் காலி வீட்டுக் கொல்லையில் இறங்கி, இடுப்பளவு குழி வெட்டினேன். பிறகு வீடு வீடாகப் போய்ச் சட்டம் போட்டேன். காய்த் தோல், மிச்சச் சோறு, தேயிலைச் சக்கை, காகிதம், எல்லாம் குழிக்கு வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் மேலே இரண்டு கை கரும்புச் சக்கை தூவ வேண்டும். பிளாஸ்டிக்கைப் போட்டால் அவரவர் வாசலில் திருப்பிக் கொட்டுவேன். ஒரு வீட்டில் கொட்டியும் காட்டினேன். அதற்குப் பிறகு ஒருவரும் வாலாட்டவில்லை.

ஊரடங்கில் ஆண்கள் வெளியே போக வழியில்லை. லேசாக மயக்கம் தரும் யங்கோனா வேரை இடித்துக் கரைத்து, வடிகட்டிக் குடித்தபடி நாட்டைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். வடிகட்டிய வேர்ச் சக்கையும் வாளி வாளியாகக் குழிக்கு வந்தது. "சந்துக்காகத்தான் அக்கா குடிக்கிறோம்" என்றார்கள் வெட்கமில்லாமல்.

நாற்றம் போனது, ஈ போனது. ஆனால் குழி மட்டும் மக்காமல் அப்படியே கிடந்தது. சந்துக் கடைசியில் ஒரு ஃபிஜிக்காரர், மார்க்கெட்டில் மீன் விற்பவர். நாங்கள் எல்லோரும் அவரை மோமோ என்போம், அவர்கள் மொழியில் மாமா என்று அர்த்தம். ஒருநாள் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு எங்களூர் இந்தியில் சொன்னார்: "பஹினி, இதுக்குப் பசி. கொஞ்சம் மீன் போடு."

அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் மீன் தலையும் குடலும் நிறைந்த வாளியை வேலியோரம் வைப்பார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பதற்குள் எல்லாம் ஆழமாகப் புதைந்து, வாளி கழுவிக் கவிழ்ந்திருக்கும். மோமோ எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டே வாரத்தில் குழியில் ஆவி பறந்தது. சந்தில் மூன்று வீடு சைவம். தெரிந்தால் குழியையே மூடச் சொல்வார்கள் என்று நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அவரிடம் சொல்ல அப்போது வேறு விஷயம் இருந்தது. அவருடைய அண்ணன் ஆக்லாந்திலிருந்து வாராவாரம் போன் செய்வார். "அங்க என்னடா இருக்கு? கையெழுத்துப் போட்டு அனுப்புடா." நியூசிலாந்து ஃபாரம் ஒரு பழுப்புக் கவரில் அலமாரியில் இருந்தது. இவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கவரை எடுத்து மடியில் வைத்து, பேனா மூடியைக் கழற்றி, பெருமூச்சு விட்டு, மறுபடி உள்ளே வைப்பார். அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசி அறியாதவர்.

"நீங்க போங்க. நான் வரல. குளிர்ல எனக்கு மூட்டு வலிக்கும்" என்றேன்.

"உனக்கு மூட்டுவலியே கிடையாதே."

"அங்க போனா வரும்."

எங்கள் வீட்டில் பாதி தமிழ், பாதி இந்தி. சண்டை மட்டும் முழுத் தமிழ். அந்த வருஷம் தமிழ் நன்றாக வளர்ந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு வீடாகப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டே, நம் வீட்டுச் சாவியை யார் கையில் கொடுப்பது என்று யோசித்து அழுதிருக்கிறேன்.

அம்மன் கோயிலில் தீமிதி வந்தது. முடிந்ததும் மாலைகளும் வேப்பிலையும் மலைபோல் குவிந்தன. அம்மன் மேல் கிடந்த பூவைக் காலில் மிதிக்கக்கூடாது, குப்பையில் போடக்கூடாது, ஆற்றில்தான் விடவேண்டும். பாலத்தில் நின்ற சிப்பாய்கள் சாக்குகளைத் துப்பாக்கி முனையால் கிண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பூசாரி சாக்குகளோடு வாடிய முகமாக எங்கள் சந்தில் வந்து நின்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? "நம்ம குழி இருக்கே!" என்றேன்.

"சுத்தமான குழியா?"

"பூவும் இலையும் காய்த் தோலும்தான் சாமி."

சொல்லிவிட்டுச் சாக்கை நானே வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் இருமினார்.

பூக்கள் குழிக்குள் போயின. கொஞ்ச நாளில் அங்கிருந்து ஒரு பரங்கிக்கொடி கிளம்பி, வேலி ஏறி, கனடாக்காரி வீட்டுத் தகரக் கூரையையும் பிடித்துக்கொண்டது. காய் ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். என் சமையற்கட்டிலிருந்து நான் வழித்துப் போட்ட விதைதான் அது. ஆனால் பூசாரி வந்து பார்த்துக் கைகூப்பி நின்றுவிட்டார். "போறவங்க போவட்டும். அம்மா இங்கியே வேர் விட்டுட்டா!" என்றார். மறுநாள் பெண்கள் வந்து காய்களுக்குக் குங்குமம் வைத்தார்கள்.

அன்று போன் வந்தபோது என் வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்று பேசினார். "அண்ணே, அம்மனே உத்தரவு குடுத்திடுச்சு. அதை மீறி எப்படி வர்றது?" அந்தப் பக்கம் யார் சொல்லையும் கேட்காத மனிதர், "அம்மன் சொன்னா சரிடா" என்று போனை வைத்துவிட்டார். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, ஆனாலும் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மன் எங்கே, மீன் தலை எங்கே? பொய் வெளியே வந்தால் உத்தரவும் போச்சு, கவர் மறுபடி மடிக்கு வந்துவிடும்.

பௌர்ணமிக்குக் கோயிலில் அந்தக் காய்களை வெட்டிக் குழம்பு வைத்து ஊருக்கே சோறு போட்டார்கள். மோமோவும் பந்தியில் உட்கார்ந்தார். சாப்பிட்டு, விரலை நக்கி, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "பஹினி, என் மீன் தலை வீண் போகல!"

பூசாரியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "மீனா?"

பருப்பு வாளியோடு நின்ற என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "ஆமா சாமி. வாராவாரம் நான்தான் பொதைச்சேன்."

பூசாரி அவரைப் பார்த்தார். சைவ வீட்டுக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் ஏற்கெனவே இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தார்கள். "மண்ணாப் போனதுக்கு என்ன தீட்டு? ஊத்துங்கய்யா" என்று அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "எல்லாம் தெரிஞ்சேவா அண்ணன்கிட்ட அம்மன் உத்தரவுன்னு சொன்னீங்க?"

"எனக்குப் போவ இஷ்டமில்லன்னு நான் சொன்னா அவர் கேப்பாரா? அம்மன் சொன்னாத்தான் கேப்பார்" என்றார் தலையைக் குனிந்தபடி. இத்தனை வருஷம் கூடவே இருந்தும், அவருக்கும் இஷ்டமில்லை என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் சந்தேகம் போகாமல் அலமாரியைத் திறந்து கவரைப் பிரித்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

"ஃபாரம் எங்கே?"

"காகிதமும் மக்கும்னு நீதானே சொன்னே."

"எப்பப் போட்டீங்க?"

"மொத மீன் வாளியோட" என்றார்.